மாமா பிறந்தநாளுக்கு நான் போட்ட உப்பு

இனிமே இந்த வீட்டு விசேஷத்துக்கு ஒரு வெங்காயம்கூட உரிக்க மாட்டேன்னு சபதம் எடுத்தேன். சும்மா இல்ல. நெஞ்சை நிமிர்த்தி, கண்ணாடியை நேருக்கு நேரா பார்த்து எடுத்தேன். எங்கன்னு கேட்டா, குளியலறையில. தாழ்ப்பாள் போட்டுட்டு, குழாயை முழுசா திறந்துவிட்டு, அந்தத் தண்ணிச் சத்தத்துக்கு அடியில எடுத்தேன். வீரம் இருக்குங்க. அது வெளிய கேக்கக்கூடாது, அவ்வளவுதான்.

"சபதம் எவ்வளவு வேணா எடுங்க, தண்ணியை மட்டும் பார்த்து செலவு பண்ணுங்க"ன்னு கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துச்சு.

குழாயை மூடிட்டேன்.

என் பொண்டாட்டி மருந்துக்கடையில வேலை பார்க்கிறா. டாக்டருங்க கையெழுத்தையே படிக்கிறவ. என் மூஞ்சியைப் படிக்கிறது அவளுக்கு ஒரு வேலையா? நான் பொய் சொல்லலாமான்னு யோசிக்கும்போதே அவ பதில் சொல்லிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவா.

அவங்க வீட்ல அவதான் மூத்தவ. எங்க அடுப்படிதான் இருக்கிறதுலயே பெருசு. அதனால அந்தக் குடும்பத்துல யாருக்கு நல்லது நடந்தாலும் எனக்குக் கெட்டது நடக்கும். பிறந்தநாள், கல்யாண நாள், பரீட்சையில பாஸான நாள், புது வேலை, புது வண்டி, குழந்தைக்குப் புதுப் பல்லு, எல்லாத்துக்கும் சாப்பாடு எங்க வீட்லதான். போன தடவை என் சகலை மூக்குக்கண்ணாடி மாத்தினார். அதுக்கும் கூடிட்டாங்க. மனுஷனுக்குப் பவர் ஏறினதுக்கு எனக்கு எதுக்குங்க கை வலிக்கணும்?

சமைக்கிறது அவ. வெட்டுறது, உரிக்கிறது, கழுவுறது, துடைக்கிறது எல்லாம் நான். நான் படிப்பைப் பாதியில விட்டவன். செல்போன் ரிப்பேர் கத்துக்கப் போனேன், அதையும் பாதியில விட்டேன். இப்போ வண்டியில பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிறேன், அதையும் எப்ப விடலாம்னுதான் பார்த்துட்டு இருக்கேன். பாதியில விட முடியாதது ஒண்ணே ஒண்ணு, வெங்காயம். பாதி உரிச்சதை வெச்சுட்டு எழுந்தா அவ ஒரு பார்வை பார்ப்பா. மிச்சம் தானா உரிஞ்சிடும். வெங்காயம் இல்ல, என் தோல்.

இதெல்லாம் வீட்டுப் பயம். இதுக்கு மேல ஒரு பயம் இருக்கு. என் மாமனார்.

மாமா ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடி ஓட்டல் ஓட்டலா சோதனை போடுற அதிகாரி. டார்ச் அடிச்சுக்கிட்டேதான் சமையற்கட்டுக்குள்ள நுழைவாராம். ரிட்டையர் ஆனது அவர் மட்டும்தான், டார்ச் இன்னும் சர்வீஸ்ல இருக்கு. எங்க வீட்டுக்கு வந்தா முதல்ல சிங்க்குக்கு அடியில அடிப்பார். அப்புறம் பிரிட்ஜுக்குப் பின்னாடி அடிப்பார். கடைசியா என் மூஞ்சியில அடிப்பார். அழுக்கு சேர்ற இடம் எதையும் அவர் விட்டு வைக்கிறதில்ல.

அவர்கிட்ட ஒரு சட்டம் வேற உண்டு. சமைச்சவங்க யாரோ, அவங்க எல்லார் முன்னாடியும் நின்னுக்கிட்டு முதல் வாய் சாப்பிடணும். சர்வீஸ்ல சமையல்காரங்களை அப்படித்தான் சாப்பிட வைப்பாராம். தப்பு பண்ணினவன் மெல்லும்போது மூஞ்சி காட்டிக் கொடுத்துடும்னு சொல்லுவார். பெத்த பொண்ணுக்கும் இதுல சலுகை கிடையாது. ஒவ்வொரு விசேஷத்துக்கும் என் பொண்டாட்டி நின்னுக்கிட்டே ஒரு வாய் மென்னு முழுங்குவா, அப்புறம்தான் மத்தவங்க தட்டுல கை வைப்பாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கண்ணாடி விருந்துல எல்லாரும் அவ சமையலை ஆகா ஓகோன்னு புகழ்ந்தாங்க. எனக்கு வாய் சும்மா இருக்காது. அதுக்குன்னு தனியா ஒரு கொழுப்பு உண்டு. உரிச்சது நான், வெட்டினது நான், கழுவினது நான், இவ சும்மா கரண்டியை வெச்சு வட்டம் போட்டா, அதுக்கா இவ்வளவு கைதட்டல்னு சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அவ சிரிச்சப்பவே நான் எழுந்து ஓடியிருக்கணும்.

"அப்போ அப்பா பிறந்தநாளுக்கு அந்த வட்டத்தையும் நீங்களே போட்டுடுங்க"ன்னா.

மாமா டார்ச்சைக் கையில உருட்டிக்கிட்டே என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சரின்னு ஆட்டலைங்க, நடுக்கத்துல ஆடிச்சு. அதை அவங்க சரின்னு எடுத்துக்கிட்டாங்க.

மறுநாள் காலையில குளியலறையில அந்தச் சபதம். குழாயை மூடினதும் நேரா ஓடினது பக்கத்து வீட்டுக்கு. அங்க கத்திரி அண்ணன் இருக்கார். தெருமுனையில முடிவெட்டுற கடை வெச்சிருக்கார், அதனால அந்தப் பேரு. அவர் சம்சாரம் வீட்லயே துணி தைக்குது. அந்த வீட்ல ரெண்டு பேர் கையிலயும் கத்திரி இருக்கு, ஆனா அண்ணன் மட்டும் சமையற்கட்டுப் பக்கம் போனதை நான் பார்த்ததே இல்ல. ரகசியம் என்னண்ணேன்னு கேட்டேன்.

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தையல் மிஷின் ஓடுற சத்தம் வருதான்னு காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் என் காதுகிட்ட வந்தார்.

"கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவை சமைச்சேன் தம்பி. பால்ல இருந்து சோறு வரைக்கும் எல்லாத்தையும் கருக்கிட்டேன். அன்னிக்கு வெளிய போட்டவதான், இன்னும் உள்ளே விடல."

"வேணும்னே கருக்கினீங்களா?"

"சத்தமாப் பேசாத."

எனக்கு வானம் திறந்த மாதிரி இருந்துச்சு. ஒரே ஒரு தடவை கேவலமா செஞ்சுட்டா போதும், ஆயுசுக்கும் சோபா நம்மது. ஆனா கருக்கினா வாசனை தெருவுக்கே தெரியும், அவ பாதியிலயே ஓடி வந்து கரண்டியைப் பிடுங்கிடுவா. சத்தமில்லாம கெடுக்கணும். கண்ணுக்குத் தெரியாம, மூக்குக்குத் தெரியாம, நாக்குக்கு மட்டும் தெரியணும். உப்பு. மூதாதையரெல்லாம் எனக்காகவே கண்டுபிடிச்சு வெச்சுட்டுப் போன பொருள். சந்தோஷம் தாங்காம அந்த உப்புத் திட்டத்தை அண்ணன் காதுலயும் போட்டுட்டுத்தான் வந்தேன்.

பிறந்தநாள் வந்துச்சு. மத்தியானச் சாப்பாடு. சோறு, ஒரு பெரிய சட்டி நிறைய கோழியும் உருளைக்கிழங்கும், கடையில சொல்லி வெச்ச கேக். காலையில எழுந்ததுமே அவ கைப்பையை மாட்டிக்கிட்டா. இன்னிக்கு அடுப்படி உங்களோடது, நான் எட்டிக்கூடப் பார்க்கல, பக்கத்து வீட்ல ரெண்டு துணி அளவு கொடுக்கணும்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டா. காலை முழுக்க ஆளைக் காணோம். துணி அளவு கொடுக்க இவ்வளவு நேரமாகுமா, யானைக்கா சட்டை தைக்கிறாங்கன்னு நினைச்சேன். எனக்கு நல்லதாப் போச்சுன்னும் நினைச்சேன்.

நான் வெட்டினேன். உருளைக்கிழங்கு ஒண்ணு கிரிக்கெட் பந்து சைஸ்ல வந்துச்சு, ஒண்ணு பல்லு சைஸ்ல வந்துச்சு. கோழியை வதக்கினேன், தண்ணி ஊத்தினேன், வேக வெச்சேன். கடைசியா உப்பு டப்பாவைத் திறந்தேன். ஒரு கைப்பிடி போட்டேன். கை நடுங்கிச்சு. அந்த நடுக்கத்துல இன்னொரு கைப்பிடி விழுந்துச்சு. அதுக்கு மேல போட்டது மட்டும்தான் நான் நிதானமா யோசிச்சுப் போட்டது. கரண்டி நுனியில எடுத்து நாக்குல வெச்சேன். கடல்ல வாயைத் திறந்துக்கிட்டு முங்கி எழுந்த மாதிரி இருந்துச்சு. காதுக்குள்ள அலை அடிச்சுது. திருப்தியா மூடி வெச்சுட்டு, ரெண்டு டம்ளர் தண்ணியைக் குடிச்சுட்டு, குளிக்கப் போனேன்.

இந்தத் தடவை குளியலறையில பாட்டு வேற பாடினேன். பாட்டு முடியல, கதவுக்கு வெளிய அவ குரல். வந்துட்டா.

"என்னங்க, அப்பாவோட பிரஷர் மாத்திரையை மேசை மேல வெச்சிருக்கேன். டாக்டர் உப்பைத் தொடவே கூடாதுன்னுட்டார். சாப்பாட்டுக்கு முன்னாடி ஞாபகப்படுத்துங்க."

சோப்பு கையிலிருந்து நழுவிடுச்சு.

பிரஷர். நான் அதை நினைச்சே பார்க்கலைங்க. என் கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் சோபாதான். மாமா அந்தக் கோழியை ஒரு வாய் சாப்பிடுறார், மூஞ்சி சிவக்குது, நாற்காலி சாயுது, ஆம்புலன்ஸ் வருது, யாரு சமைச்சதுன்னு போலீஸ் கேக்குது, எல்லா விரலும் என் பக்கம் நீளுது. எல்லாம் வரிசையா படம் மாதிரி ஓடிச்சு. உடம்பெல்லாம் நுரை. அதைக் கழுவக்கூடத் தோணல, அப்படியே துண்டைக் கட்டிக்கிட்டு ஓடி வந்தேன். சட்டியில தண்ணியை ஊத்தணும், இல்ல சட்டியையே ஊத்தணும்.

அடுப்படி வாசல்ல டார்ச் வெளிச்சம்.

மாமா சீக்கிரமே வந்துட்டார். சட்டி மூடியைத் திறந்து உள்ளே அடிச்சுப் பார்த்துட்டு இருந்தார். பக்கத்துல மச்சினி, சகலை. டார்ச் மெதுவா திரும்பி என் மேல விழுந்துச்சு. துண்டு, நுரை, நடுக்கம் எல்லாத்துலயும் நிதானமா அடிச்சார்.

"மாப்பிள்ளை, சமைக்கிறவங்க சுத்தமா இருக்கிறது நல்லதுதான். அதுக்குன்னு சோப்போட வரணும்னு இல்ல."

சட்டையை மாட்டிக்கிட்டு வந்தப்போ சட்டி மேசைக்குக் கிளம்பிடுச்சு. கடைசி வழி ஒண்ணு பாக்கி இருந்துச்சு. நானே தூக்கிட்டுப் போறேன், கால் தடுக்கி எல்லாத்தையும் தரையில கவிழ்க்கிறேன். தரைக்குப் பிரஷர் கிடையாது. சட்டியைப் பிடிச்சேன். என் பொண்டாட்டி என் கையைப் பார்த்தா, இப்படி ஆடுதே, கொட்டிடப் போறீங்கன்னு வாங்கிக்கிட்டா. ஒரு சொட்டு சிந்தாம கொண்டு போய் நடுமேசையில வெச்சா.

எல்லாரும் உக்கார்ந்தாங்க. நானும் உக்காரப் போனேன்.

"மாப்பிள்ளை"ன்னார் மாமா. "சமைச்சவர் நீங்க."

அந்தச் சட்டம். இத்தனை நாளும் அவ நின்னு சாப்பிடுறதைப் பார்த்தவன், என் முறை வரும்னு ஏன் நினைக்காம போனேன்னு கேக்காதீங்க. அது பாதியில விட்ட மூளை. எழுந்து நின்னேன். அவ ஒரு பெரிய துண்டா பார்த்து என் தட்டுல வெச்சா, சாறும் தாராளமா ஊத்தினா. மாமா டார்ச்சை எடுத்தார். என் மூஞ்சிக்கு நேரா வெச்சார். மச்சினி நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிச்சு.

மூஞ்சி அசையக்கூடாதுன்னு முடிவு பண்ணினேன். அசைஞ்சா வேணும்னு கெடுத்தது தெரிஞ்சுடும். அசையலைன்னா மாமா சாப்பிடுவார், ஆம்புலன்ஸ் வரும். இந்தப் பக்கம் போனா மாட்டுவேன், அந்தப் பக்கம் போனா அவர் போயிடுவார். வாயைத் திறந்தேன். கோழி உள்ளே போச்சு. கண்ணை இறுக்கி, காதை இறுக்கி, எதையெல்லாம் இறுக்க முடியுமோ இறுக்கி ஒரு கடி கடிச்சேன்.

நல்லா இருந்துச்சு.

சும்மா நல்லா இல்லைங்க. அளவான உப்பு, அளவான காரம், கோழி பஞ்சு மாதிரி கரையுது. அப்போ வந்த பயம் மாதிரி எனக்கு வேற எப்பவும் வந்ததில்ல. போட்ட உப்பு எங்க போச்சு? நாக்கு செத்துடுச்சா? இல்ல நானே பயத்துல செத்துட்டு, செத்தவனுக்கு எல்லாம் ருசியா இருக்குதா? முழுங்கினேன். மூஞ்சியில எதுவும் ஓடல. ஓட வேண்டியதெல்லாம் முதுகுல வியர்வையா ஓடிட்டு இருந்துச்சு.

டார்ச் அணைஞ்சுது. மாமா ஒரு வாய் எடுத்தார். மெல்ல ஆரம்பிச்சார். கண்ணை மூடினார். நீங்க பயப்படுற மாதிரி மூடலைங்க, ருசி பார்க்கும்போது அவர் அப்படித்தான் மூடுவார். ஆனா நான் அவர் நெஞ்சையேதான் பார்த்துட்டு இருந்தேன், ஏறி இறங்குதான்னு. கண்ணைத் திறந்தார். திரும்ப ஒரு வாய். திரும்ப மூடினார். ஒவ்வொரு தடவையும் அவர் திறக்கிற வரைக்கும் நான் மூச்சு விடல. பாதி விருந்துல எனக்குத்தான் ஆம்புலன்ஸ் தேவைப்பட்டுச்சு.

கடைசியா தட்டை வழிச்சு வெச்சுட்டு எழுந்து நின்னார். ஆர்டர் படிக்கிற குரல்ல பேசினார்.

"என் சர்வீஸ்ல எத்தனையோ அடுப்படியை மூடியிருக்கேன். ஒண்ணையும் திறந்து வெச்சதில்ல. இன்னிக்குத் திறந்து வைக்கிறேன். இனி இந்தக் குடும்பத்துல எந்த விசேஷம்னாலும் மாப்பிள்ளை கைச் சமையல்தான்."

எல்லாரும் கை தட்டினாங்க. சகலை தன் கல்யாண நாள் வருதுன்னு அங்கேயே சொல்லி வெச்சுக்கிட்டார். மச்சினி தன் பெரிய பரீட்சை ரிசல்ட்டுக்கு இதே கோழிதான் வேணும்னுச்சு, அது பாஸாகும்னு அதுக்கே இன்னும் தெரியாது. என் பொண்டாட்டி கண்ணைத் துடைச்சுக்கிட்டா. ஆனந்தக் கண்ணீராம்.

நான் என் தட்டையே பார்த்துட்டு நின்னேன். அப்பதான் கவனிச்சேன். உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே அளவு. பந்தும் இல்ல, பல்லும் இல்ல. ஓரமெல்லாம் நேர்க்கோடு, மூலையெல்லாம் மட்டம். காதோரம் ஒதுக்கி விட்ட மாதிரி ஒரு சுத்தம். இப்படி வெட்டுற கை இந்தத் தெருவுல ஒண்ணுதான் இருக்கு.

விருந்தாளிங்க கிளம்பின கையோட பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஜன்னல் வழியா பார்த்தேன். கத்திரி அண்ணன் சமையற்கட்டுல நின்னுட்டு இருந்தார். இடுப்புல பூப்போட்ட ஏப்ரன். முன்னாடி மலை மாதிரி பாத்திரம். ஓரத்துல ஒரு பெரிய சட்டி, அதுக்குள்ள பந்தும் பல்லுமா என் உருளைக்கிழங்கு மிதக்குது.

"என்னண்ணே இது?"

"நான் என் சம்சாரத்துகிட்ட மட்டும்தான் தம்பி சொன்னேன்"ன்னார், திரும்பாமயே. "உன்னை நினைச்சு சிரிப்பு தாங்கல, சொல்லிட்டேன். சொல்லும்போது நான் அன்னிக்கு வேணும்னே கருக்கினதும் சேர்ந்து வெளிய வந்துடுச்சு."

அவர் தோள் குலுங்குது. அழறாரா, தேய்க்கிறாரான்னு தெரியல. காலையில இருந்து உருளைக்கிழங்கு வெட்ட வெச்சு, கோழி கிளற வெச்சு, இப்போ பாத்திரத்துலயும் நிறுத்திட்டாங்களாம். இனிமே தினமும் அவர்தானாம். போற போக்குல என்னையும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நியாயம்தான், வாங்கிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். அவ சோபாவுல காலை நீட்டி உக்கார்ந்து கேக் சாப்பிட்டுட்டு இருந்தா. அந்தச் சோபாவுல. எந்தக் கோபமும் இல்லாம, மாத்திரை எப்பெப்போ போடணும்னு கடையில சொல்லுவாளே, அந்தக் குரல்லயே எல்லாத்தையும் சொன்னா. பக்கத்து வீட்ல வேற ஒரு சட்டி வெச்சாங்களாம், உப்பே போடாம. நான் பாட்டுப் பாடிட்டு இருந்தப்போ ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து உள்ளே இருந்ததை மட்டும் மாத்தினாங்களாம்.

"ஆனா உங்க சட்டியில இருந்து ரெண்டு கரண்டி எடுத்து அதுல கலந்துட்டேன். அப்பாகிட்ட நீங்க சமைச்சதுன்னு சொல்றேன், பொய்யாயிடக்கூடாது பாருங்க. அந்த ரெண்டு கரண்டியிலயே மொத்தச் சட்டிக்கும் உப்பு சரியாப் போச்சு."

"மாமாவுக்கு உப்பே ஆகாதுன்னியே?"

"அப்பாவுக்கு பிரஷரே கிடையாதுங்க. மேசை மேல இருந்தது சத்து மாத்திரை."

எனக்கு ரத்தம் கொதிச்சுது. இது அநியாயம்னேன். ஏமாத்து வேலைன்னேன். ஒரு நாள் சமைச்சுட்டு ஆயுசுக்கும் தப்பிச்சுக்கலாம்னு பார்க்கிறியான்னு கேட்டேன். அதைச் சொல்லும்போதே அது என் திட்டம்தான்னு எனக்கே உறைச்சுது, இருந்தாலும் நிறுத்தல. இப்பவே மாமாகிட்ட எல்லா உண்மையும் சொல்லப் போறேன், நான் யாருக்கும் பயப்படுறவன் இல்லன்னு கத்தினேன். இந்தத் தடவை குழாய்கூடத் திறந்துவிடல.

அவ கேக் தட்டைக் கீழே வெச்சா. போனை எடுத்தா. நம்பரைப் போட்டா. ஸ்பீக்கர்ல போட்டு என் பக்கம் நீட்டினா.

"அப்பா, உங்க மாப்பிள்ளை இன்னிக்குச் சமையலைப் பத்தி உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணுமாம்."

அப்புறம் அந்தக் குரல். போன்லயே டார்ச் அடிச்ச மாதிரி இருந்துச்சு.

"சொல்லுங்க மாப்பிள்ளை. என்ன உண்மை?"

"ஒண்ணுமில்ல மாமா... சகலை கல்யாண நாளுக்குக் கோழி மட்டும் போதுமா, இல்ல மீனும் சேர்த்துச் செஞ்சுடட்டுமா?"